ஹோட்டல் யாருடையது? ஒரு பாகப்பிரிவினைக் கதை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

2020 ஏப்ரலில் ஒரு ராத்திரி, அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் போன் செய்தான். ஒரு பெரிய ஹோட்டலில் அறை பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளர் வேலை. ஹோட்டலின் பெயர் வேண்டாம். "மாமா, சம்பளமில்லாத லீவுன்னு சொல்லி எல்லாரையும் அனுப்பிட்டாங்க. வாசல்ல ஒரு கம்பெனி பேரு, சம்பளச் சீட்டுல இன்னொரு கம்பெனி, கட்டடம் வேற யாருதோவாம். நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். கம்பெனிக் கணக்கு எனக்கு எங்கே தெரியும்? ஆனால் ஊரடங்கில் வேறு வேலையும் இல்லை. படிக்கப் படிக்க, அவன் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருந்தது. அவன் ஹோட்டலை விட்டுவிட்டு, வரலாறு தெளிவாகக் கிடைக்கிற ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்கிறேன்: ஹோஸ்ட் ஹோட்டல்ஸ். அமெரிக்காவில் ஏறத்தாழ எண்பது பெரிய ஹோட்டல்களின் சொந்தக்காரர்கள். இந்தப் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். காரணம், வாசலில் மாரியட், ஹயாத், வெஸ்டின் என்றுதான் பலகை இருக்கும்.

1927இல் வில்லார்டு மாரியட்டும் அவர் மனைவி ஆலிஸும் வாஷிங்டனில் ஒரு குளிர்பானக் கடை திறந்தார்கள். முப்பது வருடம் கழித்து, 1957இல்தான் முதல் ஹோட்டல். அப்புறம் கடன் வாங்கிக் கட்டுவது, கட்டியதை விற்பது, விற்ற ஹோட்டலைத் தாங்களே நடத்திக் கட்டணம் வாங்குவது என்று பெருகினார்கள். 1990 வாக்கில் நில விலை சரிந்தபோது விற்க முடியாத கட்டடங்களும் கடனும் தலைமேல் நின்றன. 1993இல் கம்பெனியை இரண்டாகப் பிரித்தார்கள். நடத்துகிற தொழில் ஒரு பக்கம். அதற்கு அண்ணன் பில் மாரியட். கட்டடங்களும் கடனில் பெரும்பகுதியும் மறு பக்கம். அதற்குத் தம்பி ரிச்சர்டு. நம் ஊரில் ஒருத்தருக்குக் கடையும் இன்னொருத்தருக்கு அடமானத்தில் இருக்கும் வீடும் எழுதிவைப்பது போல. கடன் கொடுத்தவர்கள் கொதித்துப்போய் வழக்குக்குப் போனார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். அந்தத் தம்பி பங்குதான் இன்றைய ஹோஸ்ட்.

1999இல் அது 'ரீட்' வகை நிறுவனமாக மாறியது. 1960இல் அதிபர் ஐசனோவர் காலத்தில் வந்த சட்டம் இது. சாதாரண மக்களும் பெரிய கட்டடங்களில் பங்கு வாங்கலாம். வரிக்குரிய லாபத்தில் 90 சதவீதத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால், அப்படிக் கொடுத்த லாபத்துக்குக் கம்பெனி வரி கட்ட வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லாபத்தை எல்லாம் பிரித்துக் கொடுத்தால், கெட்ட காலத்துக்குக் குதிரில் நெல் ஏது? அலுவலகக் கட்டடம் வைத்திருப்பவருக்குப் பத்து வருட ஒப்பந்தம் இருக்கும். ஹோட்டல் அறைக்கு ஒப்பந்தம் ஒரே ஓர் இரவு. இன்று விற்காத அறை, இன்று விற்காத மல்லிகைப் பூ மாதிரி.

ஹோஸ்ட் அடி வாங்காத கம்பெனி அல்ல. நியூயார்க் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவில் இருந்த மாரியட் ஹோட்டல் அவர்களுடையது. 2001 செப்டம்பர் 11இல் கோபுரங்களோடு அதுவும் போனது. 2009 நிதி நெருக்கடியில் கைக்காசைக் காப்பாற்ற, ஈவுத்தொகையில் பெரும்பகுதியைப் பணமாகத் தராமல் பங்குகளாகவே கொடுத்தார்கள். அந்த இரண்டு அடியின் தழும்புதான் 2020இல் உதவியது. 2019இல் சந்தை நன்றாக இருக்கும்போதே பல ஹோட்டல்களை விற்று, வருடக் கடைசியில் கையில் சுமார் 157 கோடி டாலர் ரொக்கம் வைத்திருந்தார்கள். இன்னொன்று, பெரும்பாலான ஹோட்டல்களின் மேல் தனி அடமானம் கிடையாது. கம்பெனியின் பொதுப் பெயரில்தான் கடன். ஒரு ஹோட்டல் படுத்தால் அதைப் பிடுங்கிக்கொண்டு போக ஆள் வரமாட்டார்கள்.

2020 மார்ச்சில் விமானங்கள் நின்றன, மாநாடுகள் ரத்தாயின. வங்கிகளில் ஒப்புக்கொண்டிருந்த கடன் வரம்பு 150 கோடி டாலரையும் உடனே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். தேவைப்பட்டு எடுத்ததல்ல. நாளைக்குக் கேட்டால் கிடைக்குமோ என்னவோ என்ற பயத்தில் எடுத்தது. முப்பதுக்கும் மேற்பட்ட ஹோட்டல்களில் இயக்கம் நின்றது. அதற்காகப் பூட்டிவிட்டுப் போய்விடவும் முடியாது. சொத்து வரி, காப்பீடு, காவல் எல்லாம் உண்டு. குழாய்களில் தண்ணீர் தேங்கிக் கிருமி வளராமல் அறை அறையாகத் திறந்துவிட ஆள் வேண்டும். 2019இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வந்த வருமானம் சுமார் 148 கோடி டாலர். 2020இல் அதே மூன்று மாதத்தில் சுமார் 10 கோடி. பூஜ்யம் விட்டுப்போய்விட்டதோ என்று நான் இரண்டு முறை பார்த்தேன்.

ஏப்ரலில் கொடுத்த ஈவுத்தொகையோடு அதையும் நிறுத்தினார்கள். லாபமே இல்லாதபோது பிரித்துக் கொடுக்கும் கட்டாயமும் இல்லை. வங்கிகளோடு பேசிக் கடன் நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள். பதிலுக்கு ஈவுத்தொகைக்கும் புதிதாக ஹோட்டல் வாங்குவதற்கும் கட்டுப்பாடு ஏற்றார்கள். மேசை, கட்டில் மாற்ற ஒதுக்கும் நிதியைக் கொஞ்ச காலம் அன்றாடச் செலவுக்குத் திருப்ப, நடத்துகிற நிறுவனங்களும் சம்மதித்தன. காலியாக நின்ற மாடிகளில், மாரியட்டோடு ஏற்கெனவே பேசிவைத்திருந்த புதுப்பிப்பு வேலைகளை மும்முரமாக முடித்தார்கள். விருந்தாளி இல்லாதபோது வெள்ளையடிப்பது நம் வீட்டு வழக்கம்தானே.

எல்லோரும் இப்படித் தப்பவில்லை. ஹோட்டல்களை அடகு வைத்திருந்த ஆஷ்ஃபோர்டு நிறுவனம் தவணை கட்ட முடியாமல் சில ஹோட்டல்களைக் கடன்காரர்களிடமே விட்டது. சிறு தொழில்களுக்கென்று அரசு ஒதுக்கிய கடனை அந்தக் குழுமம் வாங்கியதில் ஊரே திட்ட, 2020 மே மாதம் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள்.

இப்போது என் மருமகன் கேள்விக்கு வருகிறேன். ஹோஸ்ட் கம்பெனியின் நேரடி ஊழியர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. அதன் ஹோட்டல்களில் படுக்கை விரிப்பவர், சமைப்பவர், பெட்டி தூக்குபவர் எல்லோரும் நடத்துகிற நிறுவனத்தின் ஆட்கள். சம்பளச் செலவு மட்டும் கடைசியில் கட்டடக்காரர் கணக்கில் விழும். ஆகவே "நான் வேலைக்கு வைக்கவில்லை" என்று ஒருவரும், "பணம் என்னுடையதில்லை" என்று இன்னொருவரும் சொல்ல முடியும். 1993இல் பிரித்தது கடனை மட்டுமல்ல, இந்தப் பொறுப்பையும்தான். நியாயத்தைச் சொல்வதென்றால், கட்டாய விடுப்பில் போனவர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவில் ஹோஸ்ட் பங்கு கொடுத்தது. ஆனால் எல்லாச் செலவும் போக அந்த வருடக் கடைசியில் அவர்கள் கையில் இருந்த ரொக்கம் சுமார் 233 கோடி டாலர். சுமார் 74 கோடி நஷ்டம் வந்த வருடத்தில்! அதில் பெரும்பகுதி கடன் என்பது உண்மை. ஆனாலும் வேலை இழந்தவன் அந்த எண்ணைப் பார்த்தால் என்ன நினைப்பான்?

2021இல் அதே பணத்தோடு கடைக்குப் போனார்கள். ஆர்லாண்டோ டிஸ்னி வளாகத்தில் உள்ள ஃபோர் சீசன்ஸ் விடுதியை 61 கோடி டாலருக்கு வாங்கினார்கள். மாநாட்டு ஹோட்டல்கள் காற்றாடிக்கொண்டிருக்க, வீட்டுக்குள் அடைந்து கிடந்த குடும்பங்கள் கடற்கரைக்கும் கேளிக்கைக்கும்தான் முதலில் கிளம்பும் என்ற கணக்கு, அது பலித்தது. 2022 தொடக்கத்தில் ஈவுத்தொகை திரும்ப வந்தது, ஒரு பங்குக்கு 3 சென்ட். அந்த வருட வருமானம் சுமார் 491 கோடி டாலர். 2019இன் 547 கோடியை நெருங்கிவிட்டது.

மருமகனை அவன் ஹோட்டலில் 2021 ஜூனில் திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் பிரிவில் முன்பு பன்னிரண்டு பேர். திரும்பி வந்தது ஏழு பேர். தினமும் அறையைச் சுத்தம் செய்கிற வழக்கத்தை நிறுத்தி, விருந்தினர் கேட்டால் மட்டும் என்று ஆக்கிவிட்டார்களாம். நாலு நாள் சேர்ந்த அழுக்கை ஒரே நாளில் எடுப்பதால் ஓர் அறைக்கு இரட்டிப்பு நேரம் ஆகிறதாம். மீதி ஐந்து பேர் எங்கே என்று கேட்டேன். இரண்டு பேரைத் தெரியும், மாமா, மற்றவர்கள் போன் எடுப்பதில்லை என்றான்.