படம் பார்த்துத் தொடு: கணினித் திரைக்குத் தமிழ் வந்த கதை



போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது ஒரு பழைய சிடி கிடைத்தது. செஞ்சிக் கோட்டையைப் பற்றி 2004-இல் நான் தட்டச்சு செய்த முப்பது பக்கக் குறிப்புகள் அதில் இருந்தன. உங்களில் சிலரை ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் அழைத்துப் போனபோது ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியவை. பேரன் திறந்து பார்த்தான். ஓர் எழுத்துகூடத் தமிழாக இல்லை. தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த ஆங்கில எழுத்துகள்தான். "தாத்தா, இது என்ன பாஷை?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அதைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் கணினித் திரையில் படம் கிடையாது. கருப்புத் திரை, ஆங்கிலக் கட்டளை. ஓர் எழுத்து பிசகினாலும் வேலை நடக்காது. திரையை ஒரே அளவுக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று வைத்திருந்தார்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். நம் 'ப'வும் 'ணை'யும் ஒரே கட்டத்தில் அடங்குமா?

1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர், 'மவுஸ்' ஒன்றைக் கையில் உருட்டித் திரையில் வேலை செய்து காட்டினார். 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 'ஆல்டோ' என்ற கணினி உருவானது. அதன் திரை காகிதம்போல் நெட்டுவாக்கில், அகலம் 606, உயரம் 808 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஏற்றி அணைக்கலாம். கோலம் போடுவதைப்போலத்தான். புள்ளி கையில் இருந்தால் எந்த உருவத்தையும் வரையலாம்.

1981-இல் அதே நிறுவனம் 'ஸ்டார்' கணினியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கோப்பு, அடைவு, அச்சுப்பொறி எல்லாம் சின்னப் படங்களாகத் திரையில் இருந்தன. விலை 16,000 டாலருக்கு மேல், அதிகம் விற்கவில்லை. 1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷை 2,495 டாலருக்குத் தந்தது. 1985-இல் விண்டோஸ் வந்தது. ஆனால் நம் ஊர்ப் பக்கம் பலரும் முதலில் தொட்டது 1995-க்குப் பிறகு வந்த விண்டோஸைத்தான்.

புள்ளித் திரை வந்ததும் தமிழுக்குக் கதவு திறந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த நா. கோவிந்தசாமி 'கணியன்' உருவாக்கி, தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். அவரும் நம் தொழில்காரர் என்று படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. அந்த எண்ணுக்கு உருவம் கொடுப்பது எழுத்துரு. அன்று ஆளுக்கொரு வரிசையில், ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் உருவங்களை வைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். என் சிடிக்கு நேர்ந்தது இதுதான்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பின் 'தமிழ்99' விசைப்பலகை தரமானது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். அ, ம, ம, ஆ என்று அடித்தால் 'அம்மா' வந்துவிடும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். எழுத்து எண்களுக்கும் அப்போது தரம் வகுத்தார்கள். ஆனாலும் பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் இருந்துகொண்டே இருந்தன.

நிலையான தீர்வு யூனிகோட். அதன் முதல் வரைவை 1988-இல் எழுதிய ஜோ பெக்கர், 'ஸ்டார்' செய்த அதே ஜெராக்ஸ்காரர். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. யூனிகோடில் 'அ' என்றால் உலகத்தில் எங்கும் 2949 என்ற எண்தான். 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றது. நீங்கள் இன்று கைப்பேசியில் இதைப் படிக்க முடிவது அதனால்தான்.

சென்னையில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர், எழுத்துரு மாற்றி வைத்து என் முப்பது பக்கத்தையும் மீட்டுத் தந்தார். நாலைந்து இடத்தில் ஊர்ப்பெயர்கள் சிதைந்திருந்தன. சொன்ன பெரியவர்களைக் கேட்கலாமென்றால் அவர்களில் ஒருவரும் இன்று இல்லை. மலைமேல் கல்லில் வெட்டியது நூற்றாண்டுகளாக நிற்கிறது. நான் எழுதியது இருபது வருடத்துக்குள் தடுமாறிவிட்டது.

ஆகவே உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் பழைய சிடி, பென்டிரைவ் இருந்தால் திறந்து பாருங்கள். அப்பா எழுதிய கடிதம், தாத்தாவின் நிலக் குறிப்பு, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் இப்போதே யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். சந்தேகம் கேட்க, எழுதியவர் பக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார், செஞ்சி.