ஃபோர்ட்ரான்

ஃபோர்ட்ரான்: அறிவியல், பொறியியல் கணக்கீடுகளுக்கென உருவான நிரல்மொழி. அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் இயங்கிய குழு இதை உருவாக்கி 1957இல் வெளியிட்டது. பரவலாகப் புழங்கிய உயர்நிலை நிரல்மொழிகளில் மூத்தது. இன்றும் வழக்கில் உள்ளது. கணிதமும் இயற்பியலும் பொறியியலும் படித்தவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே கணினிக்குச் சொல்லவும், அதையே பிழைப்பாகக் கொள்ளவும் வழி திறந்தது இதன் முதன்மைச் சிறப்பு.

பின்னணி

1950களின் தொடக்கத்தில் நிரல்களைப் பெரும்பாலும் எந்திரக் கட்டளைகளாகவே எழுதினர். கணினியை நடத்தும் செலவில் முக்கால் பங்கு வரை நிரல் எழுதுவதிலும் பிழை களைவதிலும் போனதாகப் பேக்கஸ் பின்னாளில் எழுதியுள்ளார்.

உருவாக்கம் (1953–1957)

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற பேக்கஸ், நியூயார்க்கில் ஐபிஎம் காட்சிக்கு வைத்திருந்த கணிப்பொறியைப் பார்க்கப் போன இடத்தில் வேலை கேட்டு, அங்கேயே புதிர் ஒன்றை விடுவித்துப் பணியில் சேர்ந்தவர். 1953இன் இறுதியில் அவர் மேலதிகாரிக்கு எழுதிய முன்மொழிவே ஃபோர்ட்ரானின் தொடக்கம். அப்போது வரவிருந்த ஐபிஎம் 704 எந்திரத்துக்காக மொழி வகுக்கப்பட்டது. மொழியின் முதல் வரைவறிக்கை நவம்பர் 1954இல் வந்தது. ஆறு மாதத்தில் முடியும் என்று எண்ணிய பணி மூன்று ஆண்டுக்கு நீண்டது.

குழுவில் எவரும் கணினி அறிவியல் பட்டதாரி அல்லர். அப்படியொரு பட்டம் அன்று இருக்கவில்லை. டேவிட் சேயர் படிகவியல் அறிஞர். ராபர்ட் நெல்சன் மறையீட்டுப் பணியிலிருந்து வந்தவர். ராய் நட் விமான நிறுவனம் ஒன்றிலிருந்து வந்து சேர்ந்தவர்; பின்னர் 1959இல் கம்ப்யூட்டர் சயின்சஸ் கார்ப்பரேஷன் நிறுவனத்தைத் தொடங்கியோரில் ஒருவரானார். வாசர் கல்லூரியில் படிப்பை முடித்த கையோடு வந்த லோயிஸ் ஹெய்ப்ட், நிரலின் எந்தப் பகுதி எத்தனை முறை ஓடும் என்பதை நிகழ்தகவு முறையில் கணிக்கும் பகுதியை எழுதினார். பகலில் எந்திரம் கிடைப்பது அரிது என்பதால், அருகிலிருந்த லாங்டன் ஓட்டலில் அறை எடுத்துப் பகலில் உறங்கி இரவில் வேலை செய்த காலமும் உண்டு.

மொழியை வகுப்பதைவிட, அதை எந்திரக் கட்டளையாக மாற்றும் கம்பைலரை எழுதுவதே கடினமாக இருந்தது. தேர்ந்த நிரலாளர் கையால் எழுதுவதற்கு ஈடான வேகம் வராவிட்டால் யாரும் இதைத் தொடமாட்டார்கள் என்பதைக் குழு அறிந்திருந்தது. அதனால் உழைப்பின் பெரும்பகுதி, கிடைக்கும் கட்டளைகளைச் செம்மையாக்குவதில் கழிந்தது.

குழு 1957இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு பயனரின் அனுபவம் பதிவாகியுள்ளது. ஒருநாள் பயிற்சி பெற்ற அவர், நான்கு மணி நேரத்தில் 47 வரிகளில் தம் கணக்கை எழுதினார். 704 அதை ஆறு நிமிடத்தில் சுமார் 1000 கட்டளைகளாக மாற்றியது. விடை தவறாக வந்தது. எந்த வரியில் பிழை என்று தாமே கண்டு, திருத்தி, சரியான விடை பெற்றார். கையால் எழுதியிருந்தால் மூன்று நாளாகியிருக்கும் என்பது அவர் மதிப்பீடு. வேகத்தைவிட, பிழையை அவரே கண்டுபிடித்தார் என்பதே இப்பதிவில் கவனிக்கத்தக்கது.

அதே ஆண்டு ஏப்ரலில், பிட்ஸ்பர்க் அருகேயுள்ள வெஸ்டிங்ஹவுஸ்–பெட்டிஸ் அணுசக்தி ஆய்வகத்துக்குத் துளை அட்டைப் பெட்டி ஒன்று விளக்கக் குறிப்பு ஏதுமின்றி வந்தது. ஆய்வகத்தார் அது ஃபோர்ட்ரானாக இருக்கலாம் என ஊகித்து ஓட்டிப் பார்த்தனர். காற்புள்ளி ஒன்று விடுபட்டதைச் சுட்டும் பிழைச்செய்தி முதலில் வந்ததாக அங்கிருந்தோர் நினைவுகூர்ந்துள்ளனர்.

மாறுபட்ட கருத்துகள்

முதல் கம்பைலர் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கிரேஸ் ஹாப்பரின் ஏ-0, இங்கிலாந்தில் அலிக் கிளென்னியின் ஆட்டோகோடு ஆகிய இரண்டும் காலத்தால் முந்தியவை. கம்பைலர் என்பதை எப்படி வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். எம்ஐடியில் லானிங், சியர்லர் இருவரும் இயற்கணித வாய்பாடுகளை ஏற்கும் அமைப்பு ஒன்றை முன்னரே உருவாக்கியிருந்தனர். பேக்கஸ் குழு 1954இல் அதைப் பார்த்தது. அதன் தாக்கம் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபடுகிறது. 1962இல் மரைனர் 1 விண்கலம் அழிந்ததற்கு ஃபோர்ட்ரான் நிரலில் இருந்த ஒரு குறியீட்டுப் பிழையே காரணம் என்ற கதையும் உலவுகிறது. அதைப் பலர் மறுக்கின்றனர்.

இந்தியாவில்

கான்பூர் ஐஐடிக்கு 1963இல் ஐபிஎம் 1620 கணினி வந்தது. ஈரோட்டில் பிறந்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பிய வே. ராஜாராமன் அங்கு ஃபோர்ட்ரான் கற்பித்தார். நாடெங்கிலுமிருந்து வந்த ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பத்து நாள் தீவிரப் பயிற்சிகள் நடத்தப்பட்டன. அவரது நிரலாக்கப் பாடநூல் 1969இல் வெளிவந்தது. அவரது நூல்களின் வழியே பல தலைமுறை மாணவர் நிரலாக்கத்துக்குள் நுழைந்தனர். சென்னை ஐஐடியில் 1973இல் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது.

பிற்கால வளர்ச்சி

1966இல் இம்மொழி தரப்படுத்தப்பட்டது. ஃபோர்ட்ரான் 77, 90, 2003, 2018, 2023 ஆகிய தரங்கள் தொடர்ந்தன. நேரியல் இயற்கணிதக் கணக்குகளுக்கான லின்பேக், லாபேக் நிரல்தொகுப்புகள் இம்மொழியில் எழுதப்பட்டவை. கிளீவ் மோலர் உருவாக்கிய முதல் மேட்லாபும் ஃபோர்ட்ரானிலேயே எழுதப்பட்டது. பைத்தானின் நம்பை, சைபை நூலகங்கள் அணிக் கணக்குகளுக்கு லாபேக் வழிமுறைகளைச் சார்ந்துள்ளன.

இன்றைய நிலையும் வேலைவாய்ப்பும்

பொது மென்பொருள் துறையில் ஃபோர்ட்ரானுக்குத் தேவை குறைவு. வானிலை, பருவநிலை, அணுவுலை, பாய்ம இயக்கவியல், குவாண்டம் வேதியியல் ஆகிய துறைகளில் பழைய பெருநிரல்கள் இன்னும் ஓடுகின்றன. பருவமழை முன்கணிப்புக்கு இந்திய நிறுவனங்கள் பயன்படுத்தும் பெரிய கணிமாதிரிகளும் பெரும்பாலும் இம்மொழியினவே. இவற்றைப் பேணவும் வரைகலைச் செயலிகளுக்கு ஏற்ப மாற்றவும், துறையறிவும் நிரலறிவும் ஒருங்கே உள்ளோர் தேவைப்படுகின்றனர். இப்பணிகளில் சேர விரும்பும் பட்டதாரிக்குப் பைத்தான், சி++ ஆகியவற்றோடு பிறர் எழுதிய ஃபோர்ட்ரானைப் படித்தறியும் திறனும் துணை நிற்கும். ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் இலவசமாகக் கிடைக்கிறது. 2020 முதல் தன்னார்வலர் குழு ஒன்று இம்மொழிக்கான பொது நூலகத்தையும் கருவிகளையும் உருவாக்கிவருகிறது.