முகத்தல் அளவும் நிறுத்தல் அளவும்: ‘ஸாஉ’ பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ரமளானின் இறுதி நாட்களில், ஃபித்ரா அரிசி எத்தனை கிலோ என்னும் வினாவுக்கு ஊருக்கொரு விடை கிடைப்பதை நாம் அறிவோம். மத்ஹபு வேறுபாடே இதற்குக் காரணம் எனப் பலரும் எண்ணுகின்றனர். அது காரணத்தின் ஒரு பகுதியே. ஷரீஅத் விதித்திருப்பது முகத்தல் அளவு. நாம் கேட்பதோ நிறுத்தல் அளவு.

மதீனா பேரீச்சையும் வாற்கோதுமையும் விளைந்த ஊர். மக்கா பொன்னும் வெள்ளியும் புழங்கிய வணிக நகர். முகத்தலுக்கு மதீனாவாசிகளின் அளவையும், நிறுத்தலுக்கு மக்காவாசிகளின் எடையையும் கொள்ள வேண்டும் என்னும் கருத்துடைய நபிமொழியை இமாம்கள் அபூதாவூதும் நஸாயீயும் பதிவு செய்துள்ளனர். நான்கு ‘முத்’ கொண்டது ஒரு ஸாஉ. இரண்டுமே பாத்திரங்கள், எடைக்கற்கள் அல்ல.

இராக்கில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஸாஉ என்பது எட்டு ரத்ல் என்றார்கள். ஹிஜாஸ் அறிஞர்களோ ஐந்தே மூன்றிலொரு ரத்ல் என்றனர். (நம் முன்னோர் பவுண்டைக் குறிக்க வழங்கிய ‘றாத்தல்’ இந்த அரபுச் சொல்லின் வழி வந்ததே.) இமாம் அபூயூஸுஃப் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 182 / கி.பி. 798) மதீனா சென்று இதைப் பற்றி வினவியபோது, முஹாஜிர்கள், அன்ஸார்களின் வழித்தோன்றல்களான ஏறத்தாழ ஐம்பது முதியவர்கள், தத்தம் தந்தையர் வழியே வந்த ஸாஉ பாத்திரங்களை மேலாடைக்குள் வைத்துக் கொண்டுவந்தனர் என பைஹகீ அறிவிக்கிறார். அவை யாவும் ஒத்திருந்தன. அதன் பின்னரே அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இராக்கின் ரத்ல் இருபது இஸ்தார், மதீனாவின் ரத்ல் முப்பது இஸ்தார் என்பதால் இரு கணக்கும் 160 இஸ்தாரே, வேறுபாடே இல்லை என்று கூறிய ஹனஃபி அறிஞர்களும் உளர். எவ்வாறாயினும், அன்று சான்றாக முன்வைக்கப்பட்டது பாத்திரம் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

இமாம் நவவீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 676 / கி.பி. 1277) இச்சிக்கலை நேரடியாகவே எடுத்துரைக்கிறார்கள். பக்தாத் ரத்லை 128 4/7 திர்ஹம் எனக் கொண்டு ஸாஉவை 685 5/7 திர்ஹம் எனக் கணக்கிட்ட அவர்களே, உள்ளே இடப்படும் தானியத்திற்கேற்ப எடை மாறுமாதலால் ரத்ல் கணக்கு தோராயமானதே, பாத்திரமே அடிப்படை என்கிறார்கள். ஹனஃபி நூலாகிய ‘துர்ருல் முக்தார்’ வேறொரு வழி காண்கிறது: 1040 திர்ஹம் எடையுள்ள பாசிப்பயறோ மைசூர்ப்பருப்போ கொள்ளும் பாத்திரமே ஸாஉ. மணிகள் சீராயிருப்பதால் இவற்றின் எடையும் அளவும் அதிகம் பிறழ்வதில்லை. ஒரு தானியத்தை நிறுத்துப் பாத்திரத்தைச் சமைத்து, அப்பாத்திரத்தால் ஏனையவற்றை அளப்பது! இதன் நுட்பம் வியக்கத்தக்கது.

இனி நம் கிலோ கணக்கிற்கு வருவோம். டாக்டர் யூஸுஃப் அல்கர்ளாவீ தம் ‘ஃபிக்ஹுஸ் ஸகாத்’ நூலில் தரும் 2176 கிராம் கோதுமைக்குரியது. பாத்திரத்தின் கொள்ளளவு 2.75 லிட்டர். அதே பாத்திரத்தில் வாற்கோதுமை குறைவாகவே நிறுக்கும். அரிசி சில வேளை கோதுமையை விஞ்சும். 1956-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பின் நம் கடைகளில் படி மறைந்து கிலோ வந்தது. படியால் அளந்த காலத்தில் எழாத ஐயம் இது. புழுங்கலரிசியும் பச்சரிசியும் சீரகச் சம்பாவும் ஒரே படியில் ஒரே எடை நிற்பதில்லை என்பதை நம் இல்லப் பெண்மணிகள் நன்கறிவர்.

ஹனஃபிகள் அரை ஸாஉ கோதுமையின் மதிப்பையே கணக்கிடுவதால், முஃப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) அவர்களின் கணக்குப்படி வரும் ஏறத்தாழ 1.633 கிலோவில் இச்சிக்கல் குறைவு. ஊரின் முதன்மை உணவையே ஒரு முழு ஸாஉ வழங்கும் ஷாஃபிஈகளுக்கே இது கூர்மையானது. கோதுமையின் எடையை அப்படியே அரிசிக்கு எடுத்தாண்டால், அரிசி கனக்குமிடத்தில் ஏழையின் பங்கில் ஒரு பிடி குறைந்துவிடும். சஊதி ஃபத்வாக் குழு ஏறத்தாழ மூன்று கிலோ என்று கூறுவதில் இப்பேணுதல் உண்டு. ஜமாஅத்துகள் தம் ஊர் அரிசியையே அளவிட்ட பாத்திரத்தில் இட்டு, ஒருமுறை நிறுத்துப் பார்த்து அறிவித்தல் நலம்.

பாத்திரமும் கிட்டாதவர்க்கு ஃபைரோஸாபாதீயின் ‘காமூஸ்’ அகராதி ஓர் அளவைச் சொல்கிறது: பெரிதும் சிறிதுமல்லாத கைகளையுடைய ஒருவர் இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளுவது. தாமே அள்ளிப் பார்த்து, அது சரியாயிருக்கக் கண்டதாகவும் அவர் குறித்துள்ளார்.