ஊர் கூடிச் செய்த வாத்தியம்

கோவில் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறித்துக் கால்நாட்டியதும் ஊர்க்காரர்கள் பேசி முடிக்க வேண்டிய காரியங்கள் மூன்று: பந்தல், மேளம், வில்லு. தென்காசி, கடையம், பாவூர்சத்திரம், சுரண்டை, சங்கரன்கோவில் என்று எந்தப் பக்கம் போனாலும் தலைமுறை தலைமுறையாக இதுதான் வழக்கம். சுடலைமாடனுக்கோ முப்பிடாதிக்கோ இசக்கிக்கோ கொடை கொடுப்பதென்றால், அந்தச் சாமி பிறந்த கதையையும் பட்ட பாட்டையும் சாமியின் முன்னாலேயே பாட வேண்டும். பாட்டு சூடேறிக் கதை உச்சத்துக்கு வரும்போது சாமியாடியான கோமரத்தாடி ஆடத் தொடங்குவார். இத்தனைக்கும் நடுவில் இருக்கிற கருவி, நாண் மேலே பார்க்கும்படி மல்லாத்தி வைத்த ஒரு பெரிய வில்.

இந்த வில்லை அடித்துப் பாடும் வில்லுப்பாட்டின் கதைகளை ஆய்ந்து எழுதியவர்கள் பலர். நா. வானமாமலை (1917–1980) நெல்லைச் சீமைக் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தார். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தென்கோடிக் கொடைகளில் உட்கார்ந்து கேட்டவற்றைக் கொண்டு 1988-இல் ஒரு நூலே எழுதினார். இவையெல்லாம் பாட்டின் வரலாறு. கருவியின் வரலாறு புத்தகத்தில் இருப்பதைவிடப் பல தொழிலாளர்களின் கையில்தான் அதிகம் இருக்கிறது. வீணைக்குத் தஞ்சாவூரும் நாதசுரத்துக்கு நரசிங்கம்பேட்டையும் வாய்த்ததுபோல் வில்லுக்கென்று ஒரு பேர்பெற்ற ஊர் அமையவில்லை. மரம் ஒருவர் தந்தார், தோல் ஒருவர் தந்தார், குடம் ஒருவர் வனைந்தார், மணி ஒருவர் வார்த்தார். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, பழுது பார்த்து, மீண்டும் கட்டியவர்கள் பாடகர்களே.

முதலில் மரம். வில்லின் உடலுக்கு வில்கதிர் என்று பெயர். அதற்கு நெல்லைச் சீமையில் காலங்காலமாகத் தேடப்பட்டது வைரம் பாய்ந்த பனை. பனையைப் பற்றித் தச்சர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று, பிற மரங்களோடு பழகியவர்களுக்குப் புதிதாக இருக்கும். தேக்கிலும் வேங்கையிலும் வைரம் நடுவில் இருக்கிறது. பனையில் அது ஓரத்தில் இருக்கிறது. கறுத்த நார்கள் நெருக்கமாக ஓடும் வெளிப்பகுதிதான் பலம். உள்ளே போகப்போக வெறும் சோறு. ஆகவே வில்லுக்கான பத்தை, முற்றிய மரத்தின் விளிம்பிலிருந்து நீளவாக்கில் பிளந்து எடுக்கப்பட வேண்டும். நார் அறுபடாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடினால்தான் வளைத்தாலும் சிம்பு தெறிக்காது. நடுவில் கனமாக விட்டு, முனை நோக்கிச் சிறுகச் சிறுக இழைத்து மெலியவைத்தால் வளைவு சீராக அமையும். ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக இழைத்துவிட்டால் அழுத்தமெல்லாம் அந்த இடத்தில் கூடி, ஒருநாள் நடுப்பாட்டில் வில் முறியும்.

பனைக்கு இணையாகச் சொல்லப்படும் இன்னொரு மரம் கூந்தற்பனை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் மரம் அது. குற்றாலமும் அந்த மலையடிவாரம்தான். இவை தவிர மூங்கிலிலும் இரும்பிலும் செய்த விற்களும் மேடைகளில் புழங்குகின்றன. பனை வில்லின் காலம் முடிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் மரம் கிடைப்பது முன்புபோல் எளிதாக இல்லை. பனைகள் கண்மூடித்தனமாக வெட்டப்பட்டு வந்ததால், 2021-இல் தமிழக அரசு மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றிப் பனை வெட்டக் கூடாது என்று அறிவித்தது. மாநில மரமான பனையைக் காக்க அது தேவையான முடிவு. பட்டுப்போன மரத்திலிருந்தும் காற்றில் சாய்ந்த மரத்திலிருந்தும் முறைப்படி பத்தை எடுத்துக்கொள்வதே வில் செய்பவர்களுக்கு இனி வழி.

அடுத்தது நாண். மாட்டுத் தோலை வாராக அரிந்து, ஈரத்தோடு முறுக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்தால் அது காயக் காய இறுகும். வில்லுப்பாட்டின் ஓசைக்கு வேர் இந்த நாண்தான். இதைத் தந்தவர்கள் சாதி அடுக்கில் மிகக் கீழே தள்ளப்பட்டிருந்த தோல் தொழிலாளர்கள். அவர்களுடைய உழைப்பைக் கோவில் வாசலில் ஒலிக்கவைத்த சமூகம், அவர்களைக் கோவிலுக்கு வெளியே நிறுத்தியும் வைத்தது. இந்த முரணைப் பாடிய கதை ஒன்று வில்லுப்பாட்டிலேயே இருக்கிறது: முத்துப்பட்டன் கதை. பிராமண இளைஞனான பட்டன், தோல் தொழில் செய்யும் வாலப்பகடையின் குடும்பத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க விரும்புகிறான். பூணூலைக் களைகிறான், தோல் வேலை கற்றுச் செருப்புத் தைக்கிறான், மாமனாரின் மாடுகளைக் காக்கப் போரிட்டு மடிகிறான். பாபநாசம் மலையில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் அவன் பட்டவராயனாக நிற்கிறான். வேண்டிக்கொண்டவர்கள் இன்றும் அவனுக்குச் செலுத்துவது செருப்பு. அந்தக் கதையை முழங்கிய கருவியின் நாணும் தோல்தான்.

தோலுக்கு ஒரு பகை உண்டு; அது குற்றாலத்துச் சாரல். ஆனி தொடங்கி ஆவணிவரை, ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக் காற்று தென்காசியை நனைத்துக்கொண்டே இருக்கும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது சீசன். ஆடிக் கொடைக்கு வில் தூக்கிப் போகிறவர்களுக்கோ அது கவலை. ஈரக் காற்றில் தோல் நீரை உறிஞ்சித் தளர்கிறது. நாணின் விறைப்பு குறைகிறது. உடுக்கையின் சுருதி இறங்குகிறது. உடுக்கையைச் சிறு அனலில் காட்டினால் போதும், குரல் திரும்பிவிடும். நாணை அவிழ்த்து முறுக்கேற்றி மறுபடியும் பூட்ட வேண்டும். பாட்டு இல்லாத நாட்களில் நாணைப் பூட்டியபடியே வைக்கக் கூடாது. வைத்தால் மரம் அந்த வளைவிலேயே தங்கி, இழுவையை இழந்துவிடும்.

வில்லின் முதுகு வந்து அமர்வது மண்குடத்தின் கழுத்தில். வில்லையும் குடத்தையும் கயிற்றால் இறுகப் பிணைத்து, குடம் உருளாதபடி கீழே புரிமணை வைப்பார்கள். குடத்துக்கு இரண்டு வேலை. நாணில் பிறக்கும் அதிர்வை மரத்தின் வழியாக வாங்கி அது பெருக்குகிறது. அதோடு தனக்கென ஒரு தாளமும் வைத்திருக்கிறது: குடம் அடிப்பவர் மட்டையால் அதன் வாயில் ஓங்கி அடிக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று அதிர்ந்து, அடிவயிற்றில் கேட்கிற அந்தக் ‘கும்’ ஓசை எழுகிறது. கடம் செய்வதற்கு மானாமதுரைக்காரர்கள் மண்ணைப் பதப்படுத்தி, கனம் பார்த்து, தட்டித் தட்டி சுருதிக்குக் கொண்டுவருகிறார்கள். வில்லுக் குடத்துக்கு அத்தனை நுட்பம் இல்லை என்றாலும், தண்ணீர்க் குடம் எதுவும் அதற்கு ஆகிவிடாது. ஓங்கி விழும் அடியைத் தாங்கும் கனம் வேண்டும். வேக்காடு சீராக இருக்க வேண்டும். சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும்; கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஓசை மழுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். தென்காசிக்குப் பக்கத்தில் மண்பாண்டத்துக்குப் பேர்போன தேன்பொத்தை இருப்பது இந்த வட்டாரத்துக்குக் கிடைத்த கொடுப்பினை.

மிச்சமெல்லாம் உலோகம். வில்கதிரில் வரிசையாகத் தொங்கும் வெண்கல மணிகள், நாணில் அடி விழும்போதெல்லாம் சேர்ந்து குலுங்குகின்றன. நாணை அடிக்கும் வீசுகோல் இரண்டிலும் பரல் போட்ட வெண்டயம் உண்டு. குழுவை நடத்தும் பாடகரான அண்ணாவி, கைதேர்ந்தவராக இருந்தால், வீசுகோலை மேலே எறிந்து, தாளம் தப்பாமல் பிடித்து அடுத்த அடியை அடிப்பார். குமரி மாவட்டத்துப் பூங்கனி (1934–2018) சிறுமியாக இருந்தபோதே வில் அடிக்க வந்து, ஆண்கள் நிறைந்திருந்த அரங்கில் இந்தக் கலையில் பெயர் நாட்டினார். உடுக்கையும் தாளமும் கட்டையும் சேர்ந்தால் செட்டு நிறைவு. காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் என்று முறையாக நகரும் பாட்டில் எந்த இடத்தில் குடம் ஓங்க வேண்டும், எந்த இடத்தில் உடுக்கை மட்டும் பேச வேண்டும் என்பதைப் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக் கேட்டுத்தான் கற்றார்கள். பனை தந்தது வில்லை மட்டுமல்ல; கதை எழுதியிருந்த ஏடும் பனையோலைதான்.

ஒரு வில்லை வாத்தியமாக்கும் எண்ணம் தமிழருக்கு மிகப் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் மாடு மேய்க்கும் இடையன் ஒருவன், உட்துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து குறிஞ்சிப் பண் இசைக்கிறான். கடைக்குப் போகாமல், கையெட்டும் காட்டிலிருந்தே கருவியைச் செய்துகொண்டவனின் இலக்கியச் சான்று அது. உலகின் வேறு மூலைகளிலும் இதற்கு உறவு உண்டு. பிரேசிலின் பெரிம்பாவ் ஒரு வில். அதற்குக் குடத்துக்குப் பதில் சுரைக்குடுக்கை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் மரபில் வந்த அந்தக் கருவிக்கு, இன்றைய கலைஞர்கள் பழைய கார் டயரைக் கிழித்து அதனுள்ளிருக்கும் எஃகுக் கம்பியை எடுத்துப் பூட்டுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டு வில்லை ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோனது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) காந்தியின் கதையை வில்லில் பாடி, கோவில் கொடைக்கு உரியதாக இருந்த வடிவத்தை நகரத்து மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் சென்னைக்கு அழைத்துக்கொண்ட இளைஞர், நெல்லை மாவட்டம் சத்திரப்புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம். வானொலி, தொலைக்காட்சி, வெளிநாட்டு மேடை என்று வாழ்நாள் முழுதும் வில்லோடு சுற்றிய அவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 அக்டோபரில் அவர் மறைந்தார். இந்தப் பயணத்தில் வில்லுக்கு முன்னால் மைக் வந்து நின்றது.

மின்சாரத்தோடு வில் சேரும் இந்த இடத்தில், எலக்ட்ரிக் கிதாரின் கதையை அறிந்திருப்பது உதவும். ஆர்ப்பாட்டமான வாத்தியக் குழுக்களின் நடுவே கிதார் கேட்கவில்லை என்ற குறையிலிருந்து, 1931-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப்பை உருவாக்கினார். அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து அதைக் கடைக்கும் கொண்டுவந்தார். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஆகவே அந்தக் கிதாருக்கு ஓசை பெருக்கும் வெற்றுப் பெட்டி தேவைப்படவில்லை. வில்லுக்கு இதே பிக்கப்பை வாங்கிப் பொருத்தும் ஆர்வலர் ஏமாந்துபோவார், ஏனென்றால் தோல் நாணைக் காந்தம் அறியாது. அதற்கு வேண்டியது அதிர்வையே மின்சாரமாக்கும் பீசோ பிக்கப். அதை ஒட்ட வேண்டிய இடம் வில்லின் முதுகு குடத்தின் கழுத்தைத் தொடும் சந்திக்கு அருகில், மரத்தின் மேல். மணிகளுக்குப் பக்கத்தில் ஒட்டினால் மணிச் சத்தமே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். குடத்தின் வாய் ஓசைக்குத் தனியாக ஒரு மைக் இருக்க வேண்டும். நாணையும் குடத்தையும் ஒரே மைக்கில் அடக்கப் பார்த்தால் நாணின் நாதம் போய்விடுகிறது.

கருவியைக் கையால் செய்து அறிய வேண்டும் என்ற விருப்பம் தமிழ்நாட்டில் மறுபடியும் துளிர்த்திருக்கிறது. முன்னொரு தலைமுறையில், மட்டக்களப்புப் பக்கம் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, சுருதிக் கணக்கோடு எழுதிய ‘யாழ் நூல்’ 1947-இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில் அரங்கேறியது. இந்தத் தலைமுறையில், கிதார் செய்யக் கற்ற தருண் சேகர் சென்னையில் ‘உரு’ என்ற பட்டறையில் யாழை மரத்தில் கடைந்து மேடையேற்றியிருக்கிறார். யாழ் எப்போதோ வழக்கொழிந்தது. அதை வரிகளிலிருந்தும் சிற்பங்களிலிருந்தும் மீட்க வேண்டியிருந்தது. வில்லோ இன்னும் வழக்கில் இருக்கிறது. அதைக் கட்டத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. அளந்து, வரைந்து, படம் பிடித்து, கூடவே செய்து கற்றுக்கொள்ள இது நல்ல தருணம்.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் சொல்லித்தருகிறார்கள். 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசி, இந்த வரிசையில் வில்லையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அப்படிக் கேட்கும் உரிமை இந்த மாவட்டத்துக்கு உண்டு. பாட்டு சொல்லித்தர ஓர் அண்ணாவி வேண்டும். அவரோடு, பத்தை இழைக்கும் தச்சரும் நாண் முறுக்கத் தெரிந்தவரும் தேன்பொத்தைக் குயவரும் ஆசிரியர்களாக உட்கார வேண்டும். அவர்களுக்கும் அதே சம்பளம், அதே மரியாதை கிடைக்க வேண்டும். முதலாண்டு மாணவர்கள் செய்யும் வில், சாரல் காலத்து ஆடிக் கொடை ஒன்றில் விடியும்வரை அடிபட்டுத் திரும்பட்டும். எங்கே நாண் தளர்ந்தது, எங்கே கட்டு நெகிழ்ந்தது என்று பார்த்துச் சரிசெய்வதே இரண்டாம் ஆண்டின் பாடமாக இருக்கட்டும்.