ஹிஜ்ரி 749இன் கொள்ளைநோய்: நோய் ஒன்று, நாடுகளின் கதி வேறு

மனித இனம் கண்ட கொள்ளைநோய்களுள் மிகக் கொடியது ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் நடுவில், அதாவது கி.பி. 1347 முதல் 1351 வரையிலான ஆண்டுகளில், மத்திய ஆசியாவிலிருந்து அட்லாண்டிக் கடற்கரை வரை பரவிய தாஊன் நோயாகும். ஐரோப்பியர் இதனைப் பிற்காலத்தில் 'கறுப்புச் சாவு' என்று அழைத்தனர். அரபு வரலாற்றாசிரியர்கள் 'அல்ஃபனாஉல் கபீர்', அதாவது பேரழிவு என்று குறித்தனர்.

இந்நோய் பற்றி மேற்கத்திய நூல்கள் சிலவற்றில் ஒரு கூற்று நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளது. ஐரோப்பா இப்பேரிடரிலிருந்து மீண்டெழுந்தது. முஸ்லிம் நாடுகளோ வீழ்ந்தன. விதியை நம்பிக் கைகட்டி அமர்ந்ததே அவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்பதே அக்கூற்று. நம்மவருள் சிலரும் இதனை ஆராயாது ஏற்றுக்கொண்டுள்ளனர். நோய் தாக்கிய நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை வேறாக இருப்பதைக் காணலாம்.

சொல்லும் பொருளும்

அரபு மொழியில் 'வபா' என்பதும் 'தாஊன்' என்பதும் ஒன்றல்ல. பலரை ஒருசேரத் தாக்கும் எந்த நோயும் வபா எனப்படும். அக்குள், தொடையிடுக்கு முதலிய இடங்களில் கட்டிகளை எழுப்பிச் சில நாட்களில் உயிரைப் பறிக்கும் குறிப்பிட்ட நோயே தாஊன். ஒவ்வொரு தாஊனும் வபாவாகும். ஆனால் ஒவ்வொரு வபாவும் தாஊன் ஆகாது என்று நம் அறிஞர்கள் வரையறுத்தனர். இன்றைய மருத்துவம் தாஊனுக்குக் காரணமாகக் கூறுவது எர்சீனியா பெஸ்டிஸ் என்னும் நுண்ணுயிரை. லண்டன் மாநகரில் 1348-49ஆம் ஆண்டுகளில் இறந்தோரின் எலும்புகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள் 2011இல் இதனை ஐயமற நிறுவினர்.

இவ்வேறுபாடு நம் மண்ணின் வரலாற்றுக்கும் தேவைப்படுகிறது. மஅபர் சுல்தானகத்தின் தலைநகரான மதுரைக்கு 1340களில் வந்த இப்னு பதூதா, அங்கு மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்ததைக் கண்டார். நோயுற்றவர் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில், மிஞ்சினால் நான்காம் நாளில் இறந்தார் என்று அவர் எழுதுகிறார். சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் தாயும் மனைவியும் மகனும் அதில் இறந்தனர். இதனைத் தாஊனின் முதல் அலையென்று கருதியவர்களும் உண்டு. ஆயினும் கட்டிகளைப் பற்றி அவர் ஏதும் கூறாததால், அதனை வபா என்று கொள்வதோடு நிறுத்திக்கொள்வதே முறையாகும். அதே இப்னு பதூதா சில ஆண்டுகள் கழித்து ஷாம் நாட்டில் கண்டதே நம் கட்டுரைக்குரிய தாஊன்.

நோய் பரவிய வழி

இன்றைய கிர்கிஸ்தானில் இஸிக் குல் ஏரிக்கு அருகிலுள்ள 1338-39ஆம் ஆண்டுக் கல்லறைகளில் இந்நுண்ணுயிரின் தடயம் கிடைத்திருப்பதாக 2022இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அங்கிருந்து வணிகப் பாதைகளின் வழியே கருங்கடலை அடைந்த நோய், 1347ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் கப்பல்கள் மூலம் அலெக்சாந்திரியாவில் இறங்கியது. ஹிஜ்ரி 749இல் (1348-49) அது காஸா, திமிஷ்க் (டமாஸ்கஸ்), ஹலப் (அலெப்போ), கெய்ரோ, தூனிஸ், அந்தலுஸ் ஆகிய இடங்களையெல்லாம் சூழ்ந்துகொண்டது. மக்கா முகர்ரமாவும் தப்பவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் அது இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து ஆகியவற்றையும் தாக்கியது.

இழந்தோரின் பட்டியலில் நாம் நன்கறிந்த பெயர்கள் உள்ளன. ஹலப் நகரில் இந்நோய் பற்றித் தனி நூல் எழுதிய இப்னுல் வர்தீ, 1349இல் அந்நோயாலேயே மரணமடைந்தார். தூனிஸில் பதினாறு, பதினேழு வயது இளைஞராயிருந்த இப்னு கல்தூன் தம் பெற்றோரையும் ஆசிரியர்கள் பலரையும் இழந்தார். கிழக்கிலும் மேற்கிலும் நாகரிகத்தை அழித்து, உலகின் நிலையையே மாற்றிய நிகழ்ச்சியாக இதனை அவர் பின்னாளில் தம் முகத்திமாவில் குறித்தார்.

ஊர்களை ஒப்பிடும் முயற்சி நம் காலத்தில் தொடங்கியதன்று. அந்தலுஸின் அல்மரிய்யா நகர மருத்துவரும் கவிஞருமான இப்னு காத்திமா, தம் ஊரில் நோய் உச்சத்தில் இருந்தபோதும் நாளொன்றுக்கு எழுபது பேரளவிலேயே இறந்தனர் என்றும், தூனிஸில் ஒரே நாளில் 1,202 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது என்றும் எழுதி வைத்தார். இப்னு பதூதாவோ திமிஷ்கில் நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்குள் இருந்த சாவு, கெய்ரோவில் இருபத்து நான்காயிரத்தை எட்டியது என்கிறார். பிந்திய எண்ணிக்கை மிகைப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஊருக்கு ஊர் அழிவு வேறுபட்டது என்பதை அக்காலத்தவரே கவனித்திருந்தனர்.

ஒரே மார்க்கம், பல அணுகுமுறைகள்

முஸ்லிம்கள் அனைவரும் ஒரே விதமாக நடந்துகொண்டனர் என்ற எண்ணம் சரியானதன்று. 1977இல் வெளிவந்த மைக்கேல் டோல்ஸின் நூல் இத்துறையில் பெரிதும் மதிக்கப்படுவது. முஸ்லிம் சமுதாயத்தின் நிலைப்பாட்டை அவர் மூன்று கொள்கைகளாகச் சுருக்கினார். தாஊனில் இறக்கும் முஃமின் ஷஹீத் ஆவார். நோயுள்ள ஊருக்குள் நுழையவோ அதிலிருந்து ஓடவோ கூடாது. நோய் தானாகத் தொற்றுவதில்லை என்பன அவை. இவற்றுக்கு ஹதீஸ்களில் ஆதாரம் உண்டு. ஆனால் அவற்றைப் புரிந்துகொண்ட விதம் ஊருக்கு ஊர், அறிஞருக்கு அறிஞர் மாறுபட்டது.

ஹிஜ்ரி 18இல் அம்வாஸ் தாஊன் ஷாமைத் தாக்கியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்திலிருந்து படையுடன் திரும்பிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியை நோக்கியே தாம் செல்வதாக அவர்கள் விளக்கினார்கள். அபூஉபைதா (ரலி), முஆத் (ரலி) ஆகியோர் மறைந்த பின் பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைகளுக்குக் கலைந்து செல்லச் செய்தார்கள். விதியை நம்புதல் என்பது வாளாவிருத்தல் அன்று என்பதற்கு இவையே போதிய சான்றுகள்.

கர்னாத்தாவில் லிசானுத்தீன் இப்னுல் கதீப் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அவருடைய தலைவரான அமைச்சர் இப்னுல் ஜய்யாப் 1349இல் தாஊனில் இறக்க, அப்பதவி இவருக்கு வந்தது. நோயாளியோடு பழகியவர் நோயுறுவதும், ஒதுங்கியிருந்தவர் பிழைப்பதும் கண்கூடாகவும் அனுபவத்தாலும் தெளிவாகிவிட்ட உண்மை என்று அவர் வாதிட்டார். ஸலா நகரில் உணவைச் சேமித்துக்கொண்டு குடும்பத்துடன் வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஒருவர் உயிர் தப்பியதை எடுத்துக்காட்டினார். அனுபவம் காட்டுவதை இப்னு காத்திமாவும் மறுக்கவில்லை. எனினும் அதனை அல்லாஹ்வின் நாட்டத்துக்கு உட்படுத்தி எச்சரிக்கையுடன் பேசினார்.

கிழக்கே திமிஷ்கில் வேறொரு காட்சி. ஆளுநர் அர்கூன் ஷாஹ் மூன்று நாள் நோன்புக்கு ஆணையிட்டார். பின்னர் முஸ்லிம்களும் யூதர்களும் கிறித்தவர்களும் தத்தம் வேதங்களை ஏந்தி, வெறுங்காலுடன் அக்தாம் பள்ளிவாசலுக்கு நடந்து சென்று இறைஞ்சினர். அதனால் துன்பம் தணிந்தது என்று இப்னு பதூதா கருதினார். ஆனால் அக்கூட்டத்துக்குப் பின்னரே நோய் மிகுந்தது என்னும் மற்றொரு செய்தியை இமாம் இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ (ரஹ்) எடுத்தாள்கிறார். அவர் தம் கண்முன் நடந்ததையும் எழுதுகிறார். ஹிஜ்ரி 833இல் கெய்ரோவில் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானோர் இறந்துகொண்டிருந்த வேளையில், மக்கள் திறந்தவெளியில் கூடி துஆ செய்து திரும்பினர். அம்மாதம் முடிவதற்குள் இறப்பு நாளொன்றுக்கு ஆயிரத்தைத் தாண்டியது. தாஊனுக்கு மூன்று பெண் மக்களைப் பறிகொடுத்த தந்தை எழுதிய 'பத்லுல் மாஊன்' என்னும் நூலில் இக்குறிப்பு உள்ளது. துஆவை அவர் மறுக்கவில்லை. முன்னோர் காட்டித் தராத முறையில் கூட்டம் கூட்டியதையே கேள்விக்கு உட்படுத்தினார்.

எகிப்தும் இங்கிலாந்தும்

இனி இரு நாடுகளின் பிற்காலக் கதியை நோக்குவோம். முதல் அலையில் எகிப்து தன் மக்களில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழந்தது என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. இங்கிலாந்தின் இழப்பு இதற்குக் குறைந்ததன்று. அங்கு ஏறத்தாழப் பாதி மக்கள் மடிந்தனர் என்போரும் உளர். எகிப்தில் நோய் திரும்பத் திரும்ப வந்தது. இங்கிலாந்திலும் 1361, 1369 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் தாக்கியது. அடி ஒன்றுதான். ஆயினும் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இங்கிலாந்தின் உழைப்பாளி முன்னைவிட இருமடங்கு வாழ்க்கை வசதி பெற்றிருந்தான். எகிப்தின் சிற்றூர்களோ பாழடைந்து கிடந்தன. ஏன்?

இங்கிலாந்தின் வேளாண்மை மழையை நம்பியது. ஊரில் பாதிப்பேர் இறந்தாலும், எஞ்சியவர் நல்ல நிலத்தைத் தேர்ந்து உழுது வாழ முடியும். அங்கும் நிலவுடைமையாளர் நல்லவராயிருக்கவில்லை. கூலி உயராமல் தடுக்க 1349இல் ஓர் ஆணையும் 1351இல் ஒரு சட்டமும் பிறப்பித்தனர். ஆனால் ஆள் கிடைக்காத நிலையில் ஒருவரோடொருவர் போட்டியிட்டுக் கூலியை உயர்த்தினர். அடிமைக் குடியானவன் மெல்ல மெல்லக் குத்தகைக்காரன் ஆனான்.

எகிப்தின் நிலை முற்றிலும் வேறு. அங்கு மழை இல்லை. நைல் நதியின் ஆண்டு வெள்ளமே உயிர். வெள்ளநீரைக் கரைகளாலும் கால்வாய்களாலும் வயல்வெளிகளுக்குத் திருப்பி, தேக்கி, வடியவிட வேண்டும். கரைகள் இருவகைப்பட்டன. பல ஊர்களுக்குப் பொதுவான பெருங்கரைகள் 'ஜுஸூர் ஸுல்தானிய்யா' எனப்பட்டன; அவற்றைப் பேணுவது அரசின் பொறுப்பு. ஒவ்வோர் ஊருக்கும் உரிய சிறுகரைகள் 'ஜுஸூர் பலதிய்யா' எனப்பட்டன. இவை நம் நாட்டுக் குடிமராமத்தைப் போன்றவை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் தூர்வாரிக் கரை உயர்த்தினால்தான் அடுத்த வெள்ளம் பயன்படும். ஆட்கள் மடிந்ததும் இப்பணி தடைப்பட்டது.

அப்போதும் மீள வழி இருந்தது. மம்லூக் அரசின் நிலமுறை அவ்வழியை அடைத்தது. நிலவருவாய் 'இக்தா' என்ற பெயரில் படைத்தலைவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் கெய்ரோவில் வாழ்ந்தனர். தம் இக்தா ஊர்களைப் பலர் கண்டதும் இல்லை. இக்தா மகனுக்குச் சேராது. பதவி மாறினால் அதுவும் கைமாறும். எனவே பத்தாண்டு கழித்துப் பயன் தரும் கரைக்குச் செலவிட எவருக்கும் மனமில்லை. மக்கள் குறைந்த பின்பும் பழைய வருவாயையே எதிர்பார்த்து, எஞ்சிய ஃபல்லாஹ்களைக் கசக்கிப் பிழிந்தனர். குடியானவர் ஊரைவிட்டு ஓடினர். ஆள் குறையக் குறையக் கரை சிதைந்தது. கரை சிதையச் சிதைய ஆள் ஓடினர். 2005இல் வெளியான ஸ்டூவர்ட் போர்ஷின் ஒப்பாய்வு இதனை விரிவாக எடுத்துக்காட்டியது. ரவ்ளா தீவின் மிக்யாஸ் என்னும் நீர்மட்ட அளவுத் தூண் பதினைந்தாம் நூற்றாண்டில் முன்னைவிட உயர்ந்த வெள்ளத்தைக் காட்டியதற்கும் அவர் இதையே காரணமாகக் காண்கிறார். தூர்ந்த கால்வாய்களுக்குள் செல்ல வேண்டிய நீர் ஆற்றிலேயே நின்றது. ஆற்றில் வெள்ளம், வயலில் வறட்சி!

தலைநகரிலோ பொன்னுக்குக் குறைவில்லை. வாரிசின்றி இறந்தோரின் சொத்துகள் கருவூலத்துக்கு வந்து குவிந்தன. 1356இல் தொடங்கப்பட்ட சுல்தான் ஹஸனின் மாபெரும் மதரஸா-பள்ளிவாசலுக்கு இச்சொத்துகளும் உதவின என்பர். அதன் அழகை இன்றும் உலகம் வியக்கிறது. அந்நூற்றாண்டிலேயே சஈதிலும் டெல்டாவிலும் கரைகள் இடிந்துகொண்டிருந்தன என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

மக்ரீஸியின் சாட்சியம்

இவ்விளக்கம் இன்றைய பொருளியலார் கண்டுபிடித்த புதுமையன்று. கெய்ரோவின் முஹ்தஸிபாகப் பணியாற்றி அங்காடியின் நிலையை நேரில் அறிந்தவர் தகிய்யுத்தீன் அல் மக்ரீஸி (ரஹ்). ஹிஜ்ரி 806இல் தொடங்கிய பஞ்சத்தையொட்டி அவர் 'இகாஸதுல் உம்மா' என்னும் நூலை எழுதினார். துன்பத்துக்கு அவர் கூறிய காரணங்கள் மூன்று. பதவிகள் கையூட்டுக்கு விற்கப்பட்டன, நிலவாடகை ஏற்றப்பட்டது, செப்புக் காசுகள் மிதமிஞ்சிப் புழங்கின. ஆள்வோரின் தவறான நடவடிக்கையே துயரத்தை நீட்டித்தது என்பதும், அது திருத்தக்கூடியதே என்பதும் அவர் முடிவு. விதியின் மீது பழியைப் போட்டு அவர் ஒதுங்கவில்லை.

ஆகவே, எகிப்து தாழ்ந்ததற்கு அதன் ஈமானைக் காரணம் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அதே ஈமான் கொண்ட இப்னுல் கதீப் தொற்றைப் பற்றி எழுதினார்; அதே ஈமான் கொண்ட மக்ரீஸி ஆட்சியைக் குறை கூறினார். அதே வேளையில், அந்நியரின் பழிச்சொல்லை மறுத்துவிட்டதோடு நம் கடமை முடிந்தது என்று கருதுவதும் தவறாகும். நிலத்தின் பயனை நுகர்ந்தவர் நிலத்தைப் பேணாததும், எஞ்சியவரின் தோளில் இறந்தவரின் சுமையையும் ஏற்றியதும் நம் வரலாற்றில் நடந்தவையே.

2020ஆம் ஆண்டில் கொரோனா பரவி, ஹஜ்ஜுக்கு மிகச் சிலரே அனுமதிக்கப்பட்டு, பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது, உலமாப் பெருமக்கள் ஸர்க் நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி மக்களை நெறிப்படுத்தினர். நோய் நிலவும் காலத்துச் சட்டங்களை நாம் மறக்கவில்லை என்பதற்கு அது சான்று. நோய் நீங்கிய பின் வரும் காலத்துக்குரிய பாடத்தை எகிப்தின் கரைகளிடமிருந்து கற்க வேண்டும். தாஊனில் மரித்த முஃமினுக்கு ஷஹாதத்தின் நற்பேறு வாக்களிக்கப்பட்டுள்ளது. பிழைத்தவருக்கோ அநாதைகளும், கடன்பட்ட குடும்பங்களும், சிதைந்த பொதுப்பணிகளும் அமானிதமாக விடப்படுகின்றன. அந்த அமானிதத்தை எவ்வாறு நிறைவேற்றினர் என்பதைப் பொறுத்தே, அன்று நாடுகளின் கதி வேறுபட்டது.