தையற்காரர் தொடங்கிய வானியற் கழகம்

சித்திரை வருஷம் எத்தனை மணிக்குப் பிறக்குது எண்டு எங்கடை வீடுகளில் ஒவ்வொரு வருஷமும் ஒரு வாக்குவாதம் நடக்கும். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். வானக் கணக்கில் சண்டை பிடிப்பது எம்மவர்க்குப் புதிதல்ல. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் வானியல் ஒரு பாடமாக இருந்தது. 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்துக்கு உள்ளூர்ப் பஞ்சாங்கம் ஒரு கணக்கும், அதிபர் டானியல் புவர் வேறொரு கணக்கும் சொன்னார்கள். கிரகணம் வந்தபோது புவரின் கணக்கே பொருந்தியது. எங்கடை ஊரில் வானத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்ட கதை அது.

நாங்கள் வந்து குடியேறிய ரொறன்ரோவிலும் ஒரு கதை உண்டு. அது எம்மவரில் பலருக்குத் தெரியாது. அதைத்தான் இம்மலருக்கு எழுதுகிறேன். நான் ஏ.எல். வரைக்கும் படித்து, இப்போது கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன். பேராசிரியர்மார் எழுத வேண்டிய விஷயத்தை இவன் ஏன் எழுதுகிறான் எண்டு கேட்பவர்கள், இந்தக் கழகத்தைத் தொடங்கியவர் யார் எண்டு முதலில் பாருங்கோ.

அவர் பெயர் அன்ட்ரூ எல்வின்ஸ். இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் 1823 இல் பிறந்தவர். 1844 இல் கனடாவுக்கு வந்தார். தொழில் தையல், துணி வெட்டுகிற வேலை. பெரிய படிப்பு எதுவும் இல்லை. பகலில் கத்தரிக்கோல், இரவில் சின்னத் தொலைகாட்டி. இவரும் நண்பர்களுமாக எட்டுப் பேர் சேர்ந்து 1868 டிசம்பரில் ரொறன்ரோ வானியற் கழகத்தைத் தொடங்கினார்கள். அந்த எட்டுப் பேரில் மூக்குக்கண்ணாடி வியாபாரி ஒருவரும் இருந்தார். கனடா என்ற நாட்டுக்கே அப்போது வயது ஒன்றரைதான்.

கழகம் ஒரேயடியாக வளரவில்லை. சில காலத்தில் சோர்ந்து போய், வீடுகளில் கூடிக் கதைப்பதோடு நின்றது. 1890 இல் முறைப்படி பதிவு செய்து மீண்டும் எழும்பினார்கள். 1903 இல் அரச பட்டம் கிடைத்து, கனடிய அரச வானியற் கழகம் ஆனது. இன்று நாடு முழுக்க இருபத்தைந்துக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. எல்வின்ஸ் 95 வயது வரை இருந்து 1918 இல் காலமானார். நாட்டுக்கு வந்து கூலிவேலை செய்த ஒரு மனுசன் வைத்த கன்று அது. எங்கடை சங்கங்கள் இரண்டாம் வருஷமே இரண்டாக உடைவதை நினைத்தால் பெருமூச்சுத்தான் வருகுது.

அடுத்து வந்தவர் பேராசிரியர் சி. ஏ. சான்ட். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் வானியல் துறையைக் கட்டியெழுப்பியவர். பெரிய தொலைகாட்டி ஒன்று வேணும் எண்டு வருஷக்கணக்காகப் பணக்காரரிடம் கேட்டுத் திரிந்தார். சுரங்கத்தில் பொருள் சேர்த்த டேவிட் டன்லப் 1924 இல் இறந்த பிறகு, அவர் மனைவி ஜெசி டன்லப் கணவன் நினைவாகப் பணம் கொடுத்தார். ரிச்மண்ட் ஹில்லில் 74 அங்குல ஆடி கொண்ட தொலைகாட்டி 1935 மே 31 இல் திறக்கப்பட்டது. அன்று சான்டுக்கு எழுபதாவது பிறந்தநாள். அந்நேரம் உலகத்தில் அதைவிடப் பெரியது ஒன்றே ஒன்று, கலிபோர்னியாவில் இருந்த 100 அங்குலத் தொலைகாட்டி. 1971 இல் ரொம் போல்ற்றன் என்பவர் ரிச்மண்ட் ஹில்லில் இருந்துதான் சிக்னஸ் எக்ஸ்-1 என்ற இடத்தை ஆராய்ந்தார். ஒரு நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை 5.6 நாளுக்கு ஒரு தடவை சுற்றி வந்தது. அதே காலத்தில் இங்கிலாந்திலும் இருவர் இதைக் கண்டார்கள். கருந்துளை என்பது கடதாசிக் கணக்கு மட்டுமல்ல என்று உலகம் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

பிறகு நகரம் வந்து சூழ்ந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் ஆராய்ச்சி குறைந்தது, நிலத்தின் விலை கூடியது. 2008 இல் பல்கலைக்கழகம் அந்தக் காணியை வீடு கட்டும் கம்பனிக்கு 70 மில்லியன் டொலருக்கு விற்றது. கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் 2009 இல் கழகத்தின் ரொறன்ரோ கிளைத் தொண்டர்கள் உள்ளே போய், தூசி தட்டி, பொதுமக்களுக்கு மீண்டும் கதவைத் திறந்தார்கள். பின்னர் ஆய்வகமும் நிலத்தின் ஒரு பகுதியும் நகரசபைக்கு வந்தன. 2019 இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. பேராசிரியர்மார் விட்டுப் போனதைச் சம்பளமில்லாதவர்கள் தாங்கினார்கள் என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர் மறுக்கலாம்.

இந்தத் தொண்டர்கள் கோடை இரவுகளில் தங்கடை சொந்தத் தொலைகாட்டிகளைப் புல்வெளியில் வரிசையாக வைப்பார்கள். ஒரு சதமும் வாங்காமல் யாரையும் பார்க்க விடுவார்கள். நிறையப் பேரிடம் இருப்பது டொப்சோனியன் வகை: நீண்ட குழாய், அதைத் தாங்கும் ஒட்டுப்பலகைப் பெட்டி, கையால் தள்ளித் திருப்பலாம். அதைப் பரப்பிய ஜோன் டொப்சன், சான் பிரான்சிஸ்கோவில் 1944 முதல் இராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். விபுலாநந்த அடிகளை அறிந்த எங்களுக்கு அந்த மரபு அந்நியமல்ல. தொலைகாட்டி செய்கிறதிலேயே நேரம் போக்குகிறார் என்று 1967 இல் மடம் அவரை வெளியேற்றியது. அடுத்த வருஷமே நண்பர்களோடு நடைபாதையில் தொலைகாட்டியை நிறுத்தி, போறவாறவரை மறித்துக் காட்டத் தொடங்கினார்.

ஆடியைக் கையாலேயே தேய்க்கலாம். ஒரு கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடியை வைத்து, இடையில் கடினமான தூளும் தண்ணீரும் போட்டு அரைக்க வேண்டும். மேல் வட்டு குழியும், கீழ் வட்டு மேடாகும். கடைசியில் பிழை ஒரு மில்லிமீற்றரில் பல ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எங்கடை தொழிற்சாலையில் நூறில் ஒரு பங்கு பிசகினாலே மெசின்காரன் பெருமைப்படுவான். இதைக் கேட்டபோது எனக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது.

நான் வளர்ந்தது வன்னியில். மின்சாரம் இல்லை, ஆகவே வானம் நிறைய நட்சத்திரம். ஆனால் மேலே பார்ப்பது ரசிக்கிறதுக்கல்ல. சத்தம் கேட்டால் விமானம், வெளிச்சம் தெரிந்தால் பரா லைற். பங்கருக்குள் ஓடுகிறதுக்குத்தான் வானத்தைப் பார்த்தோம். பால்வீதி தலைக்கு மேலே கிடந்தது, பெயர் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்கவில்லை. இங்கே வானத்தில் பத்துப் பதினைந்து நட்சத்திரமே தெரியுது, பெயர் சொல்லித்தர ஆள் இருக்கு.

ரிச்மண்ட் ஹில் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தமிழ் அம்மா நின்றா. பேரப்பிள்ளை இழுத்துக்கொண்டு வந்தது. காட்டப் போறது சனிக்கிரகம் எண்டு கேட்டவுடன், "ஏழரை வருஷம் எங்களைப் பிடிச்சு ஆட்டினவனை நாங்கள் தேடிப் போய்ப் பாக்கிறதோ?" எண்டா. தொண்டருக்கு அது விளங்கவில்லை. பிறகு குனிந்து பார்த்தா. "வளையம் போட்ட மூக்குத்தி மாதிரி இருக்கு" எண்டு சொல்லிப்போட்டு, வரிசையின் கடைசிக்குப் போய் திரும்பவும் நின்றா.

போக விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். ஆனிமாதம் எண்டாலும் ஜக்கெற் கொண்டுபோங்கோ. குழாயைப் பிடிக்காதையுங்கோ, பிடித்தால் சனி ஓடிவிடும். கைத்தொலைபேசி வெளிச்சத்தை அணையுங்கோ, இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிஷமாவது வேணும். மங்கலான பொருளை நேரே முறைக்காமல் கொஞ்சம் பக்கமாகப் பார்த்தால் கூடத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு ஏறி நிற்கச் சின்ன வாங்கு இருக்கும். நாளையும் நேரத்தையும் முதலே விசாரித்துவிட்டுப் போங்கோ. முகில் மூடினால் ஒண்டும் தெரியாது.