இருபத்தாறரை டாலரும் இரு சொட்டு மருந்தும்

பேருந்து நிறுத்தத்து நிழற்குடை, அரசு மருத்துவமனை வாசலில் ஒரு குடிநீர்த் தொட்டி, பூங்காவில் ஒரு சிமெண்டு இருக்கை. இவற்றில் பற்சக்கரம் ஒன்றை வரைந்து, அதன் கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் என மூவர் பெயரைப் பொறித்திருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். “நிழல் சிறிது, பெயர் பெரிது” என்று நம் நண்பர் ஒருவர் நகையாடுவார். நாமும் உடன் நகைத்ததுண்டு. வலக்கை ஈவதை இடக்கை அறியாதிருக்க வேண்டும் என்ற நபிமொழியை ஓதி வளர்ந்தவர்களுக்கு, ஈந்ததைச் சுவரில் எழுதி வைப்பது உறுத்தவே செய்யும். எனினும் அந்தப் பற்சக்கரத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தபின், நகைப்பு முன்போல் எளிதில் எழவில்லை. காரணத்தை இங்கு எழுதுகிறோம்.

1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று, அமெரிக்காவின் சிகாகோ நகரில் யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் அறையில் நால்வர் கூடினர். பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர், நிலக்கரி வணிகர் ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், தையல் வணிகர் ஒருவர். சிற்றூரில் வளர்ந்து பெருநகருக்குப் பிழைக்க வந்த ஹாரிஸுக்கு, முகம் தெரிந்த மனிதரோடு பழகும் ஏக்கம் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுழல்முறையில் கூடியதால் சங்கத்திற்கு ரோட்டரி என்று பெயராயிற்று. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்பது விதி.

உண்மையை மறைப்பானேன்? இவர்கள் முதலில் கூடியது தொண்டு செய்வதற்காக அன்று. நீ என்னிடம் நிலக்கரி வாங்கு, நான் உன்னிடம் சட்டை தைத்துக்கொள்கிறேன் என்னும் கொடுக்கல் வாங்கலுக்கே கூடினர். எவர் எவருக்கு எவ்வளவு வணிகம் தந்தார் என்று கணக்கெழுதத் தனியே ஓர் உறுப்பினரும் இருந்தார். 1906-இல் டொனால்ட் கார்ட்டர் என்பவரைச் சேர அழைத்தபோது, தனக்கன்றிப் பிறருக்கு ஒன்றும் செய்யாத சங்கத்திற்கு எதிர்காலம் இல்லையென்று கூறிச் சேர மறுத்துவிட்டார். அந்த மறுப்புத்தான் சங்கத்தின் போக்கைத் திருப்பிற்று. ஊர் நலனும் நோக்கமென விதி திருத்தப்பட்டது, கார்ட்டரும் சேர்ந்தார்.

முதல் பொதுப்பணி என்னவென்று அறிந்தால் வாசகர்கள் வியப்படையலாம். நம் ஃபிக்ஹு கிதாபுகள் தஹாரத் பாடத்தில் தொடங்குவதைப் போல, இச்சங்கத்தின் தொண்டு வரலாறும் கழிப்பறையில் தொடங்குகிறது! அன்றைய சிகாகோவில் வெளியே வந்த ஒருவர் ஒதுங்க வேண்டுமானால் மதுக்கடைக்கோ பெரிய அங்காடிக்கோதான் நுழைய வேண்டும். நுழைந்தவர் சும்மா திரும்புவாரா? ஆகவே நகர மன்றத்தின் அருகே பொதுக் கழிப்பறை கட்ட வேண்டும் என 1907-இல் சங்கம் இயக்கம் தொடங்கியபோது, மதுக்கடைக்காரர்களும் அங்காடிக்காரர்களும் எதிர்த்தனர். ஊரின் பிற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு சங்கம் விடாது நின்றது; கழிப்பறை எழுந்தது.

பணத்தின் கதை இன்னும் சுவையானது. 1917-இல் அட்லாண்டா மாநாட்டில் ஆர்ச் கிளம்ஃப் என்பவர், உலகில் நன்மை செய்யும் பொருட்டு நிலையான மூலநிதி ஒன்று வேண்டும் என்று முன்மொழிந்தார். முதல் அழித்து உண்ணாமல் அதன் பயனை அறத்திற்குச் செலவிடும் எண்ணம் வக்ஃபை அறிந்த நமக்குப் புதிதன்று. மறு ஆண்டு, கான்சாஸ் நகரச் சங்கம் மாநாட்டுச் செலவில் மிஞ்சிய தொகையை அந்த நிதிக்கு அனுப்பிற்று. எவ்வளவு? 26 டாலர் 50 சென்ட். பத்தாண்டு கழித்து 1928-இல் அதற்கு ரோட்டரி அறக்கட்டளை என்று பெயரிட்டபோதும் கையிருப்பு சுமார் 5,000 டாலர்தான். நம் ஊர்ப் பள்ளிவாசல் உண்டியல் கூட அதனைவிட வேகமாக நிறைந்திருக்கும்.

அந்த நிதியை வளர்த்தது ஒரு மரணம். பால் ஹாரிஸ் 1947 ஜனவரி 27 அன்று இறந்தார். தமக்கு மலர்வளையம் வேண்டா, அந்தப் பணத்தை அறக்கட்டளைக்குத் தாருங்கள் என்பது அவர் விருப்பம். பதினெட்டே மாதங்களில் சுமார் 13 லட்சம் டாலர் சேர்ந்தது. முப்பது ஆண்டுகளாக வேண்டியும் வராத பணம், ஒரு மனிதரின் பெயரால் வந்தது!

இந்தப் பாடத்தைச் சங்கத்தார் மறக்கவில்லை. 1957-இல், 1,000 டாலர் அளிப்பவரை அல்லது எவர் பெயரால் அத்தொகை அளிக்கப்படுகிறதோ அவரை, ‘பால் ஹாரிஸ் ஃபெலோ’ என்று கௌரவிக்கும் முறையை ஏற்படுத்தினர். ஒரு சான்றிதழ், ஒரு பதக்கம், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சிறு சின்னம். மேலும் தந்தால் சின்னத்தில் நீலக்கல், அதற்கும் மேலே மாணிக்கக்கல். வேடிக்கைதான். ஆயின் பிறர் பெயரால் தரலாம் என்ற விதியைக் கவனிக்க வேண்டும். பலர் தம் ஆசிரியர் பெயராலும் தந்தையர் பெயராலும் தந்தனர். மறைந்த பெற்றோருக்கு நன்மை சேரட்டும் என்று கிணறு வெட்டியவர்கள் நம் ஊர்களிலும் உண்டல்லவா?

பெயரைப் பற்றி நாம் கடுமையாகப் பேசுமுன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். திருமறை வெளிப்படையாகத் தருவதைப் பழிக்கவில்லை. அதுவும் நல்லதென்று கூறி, மறைத்து ஏழைக்குத் தருவதை மேலானதாகக் கூறுகிறது. வக்ஃபு சாசனத்தில் வாகிஃபின் பெயர் இருந்தாக வேண்டும். இல்லையேல் அவர் விதித்த நிபந்தனையைக் காப்பது எங்ஙனம்? உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் தம்மை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரை, கம்பர் சடையப்ப வள்ளலை நினைந்தது போல, இடையிடையே நன்றியோடு நினைவுகூர்கிறார். அந்தப் பெயரை எவரும் விளம்பரம் என்று எண்ணியதில்லை. தானே எழுதிக்கொள்ளும் பெயர் வேறு, பெற்றவர் நன்றியால் எழுதும் பெயர் வேறு என்று ஒரு கோடு கிழிக்கலாம். ரோட்டரியின் சின்னம் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது என்பது நம் கருத்து.

வேறு குறைகளும் உண்டு. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற விதியில் வழக்கறிஞருக்கும் வங்கியாளருக்கும் இடமிருந்தது. கூலிக்காரருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பெண்களைச் சேர்த்ததற்காகக் கலிபோர்னியாவின் டுவார்ட்டி சங்கத்தை 1978-இல் நீக்கிவிட்டார்கள். 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே கதவு திறந்தது. 1989-இல்தான் உலக முழுமைக்கும் விதி மாறிற்று. அரபு நாடுகளின் ஆலிம்கள் பலர், இது ஃப்ரீமேசன் கூட்டத்தின் மற்றொரு முகமோ என ஐயுற்று எச்சரித்ததும் உண்டு. முஸ்லிம்கள் மட்டுமே ஐயுற்றனர் என்று எண்ண வேண்டா. கத்தோலிக்கத் திருச்சபையும் 1951-இல் தன் குருமார்கள் ரோட்டரியில் சேரலாகாது என ஆணையிட்டது.

இனி இளம்பிள்ளை வாதத்திற்கு வருவோம். நாம் மதரஸாவில் ஓதிய நாட்களில் எங்கள் வரிசையில் ஒரு மாணவர் இருந்தார். வலக்கால் சூம்பியிருக்கும். ஒளூச் செய்யத் தொட்டிக்கு வருகையில் முழங்காலைக் கையால் அழுத்தியபடியே நடப்பார். அக்காலத்தில் ஊருக்கு இரண்டு மூன்று பேர் அவ்வாறு இருந்தனர். இறைவன் விதி என்று அனைவரும் பொறுத்திருந்தோம்.

1979-இல் ரோட்டரி, பிலிப்பைன்ஸ் நாட்டின் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து தர ஒப்பந்தம் செய்தது. ஐந்தாண்டுச் செலவு 7,60,000 டாலர். அடுத்து வந்த ஆண்டுகளில் நம் வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான், ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நாளில் மருந்து தரும் முறையை உள்ளூர் ரோட்டரி சங்கத்தாரின் துணையோடு நடத்திக் காட்டினார். நாடு முழுவதும் 1995-இல் தொடங்கிய ‘பல்ஸ் போலியோ’வின் வித்து இங்கே ஊன்றப்பட்டது என்பது தமிழ்நாட்டார் அறிய வேண்டிய செய்தி.

1985-இல் ரோட்டரி உலகளாவிய திட்டத்தை அறிவித்தது. இலக்கு 12 கோடி டாலர். 1988-க்குள் சேர்ந்ததோ 24 கோடியே 70 லட்சம்! விருந்து நடத்தியும், சீட்டுக் குலுக்கியும், நீலக்கல் சின்னம் தந்தும் ஊர்ச் சங்கங்கள் திரட்டிய பணம் அது. 1988-இல் உலகச் சுகாதார மன்றம் இந்நோயை ஒழிக்கத் தீர்மானித்தபோது, 125-க்கு மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்கு 3,50,000 குழந்தைகள் முடமாகிக்கொண்டிருந்தனர். இலங்கையில் போர் நடந்த காலத்தில், சொட்டு மருந்து நாளில் இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைக்க இசைவு பெற்றுத் தந்தவர்களுள், பின்னர் 2015-இல் ரோட்டரியின் உலகத் தலைவரான கே. ஆர். ரவீந்திரனும் ஒருவர். அத்தீவில் கடைசி நோயாளி 1993-இல் காணப்பட்டார்.

பணத்தால் முடிந்தது இவ்வளவே. பணத்தால் முடியாதது உத்தரப் பிரதேசத்தில் காத்திருந்தது.

2002-இல் இந்தியாவில் 1,600 குழந்தைகளை நோய் தாக்கிற்று. அவற்றுள் 1,242 உத்தரப் பிரதேசத்தில். மக்கள்தொகை விகிதத்திற்கு மிஞ்சிய அளவில் அவர்கள் நம் சமுதாயக் குழந்தைகள். இதை எழுதுகையில் கை தயங்குகிறது. ஆயினும் எழுதாமல் விடுவது நேர்மையன்று. மொராதாபாத் பக்கத்துத் தெருக்களில், இச்சொட்டு மருந்து முஸ்லிம் பிள்ளைகளை மலடாக்கும் என்ற வதந்தி பரவியிருந்தது. தாய்மார் குழந்தையை மறைத்தனர். மருந்து குடித்த குழந்தையின் சுண்டு விரலில் மை இடுவார்கள். மருந்து தந்த வீட்டுக் கதவில் ‘பி’ என்றும், தராத வீட்டுக் கதவில் ‘எக்ஸ்’ என்றும் சுண்ணக்கட்டியால் எழுதுவார்கள். தெருத் தெருவாக ‘எக்ஸ்’ நின்றது.

அதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அம்மாநிலத்தில் ஆட்களைப் பிடித்துக் கட்டாயக் கருத்தடை செய்ததை நேரில் கண்டவர்கள் அவ்வீடுகளில் பாட்டன் பாட்டியராக இருந்தனர். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டுப் போனால் விரட்டுகிற ஆஸ்பத்திரி, இந்த மருந்தை மட்டும் இலவசமாக வீட்டு வாசலுக்கே கொண்டு வருவானேன் என்று அவர்கள் கேட்டனர். நியாயமான கேள்வி.

விடை சொல்ல வந்தவர்கள் யார்? ரோட்டரி அங்கே உலமாக்களைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தது. முஸ்லிம் பகுதிகளில் மருத்துவ முகாம்கள் நடத்தி, காய்ச்சலுக்கும் மருந்து தந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் ஜாமியா ஹம்தர்தும் யுனிசெஃபுடன் கைகோத்தன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொட்டு மருந்து நாள் அறிவிக்கப்பட்டது. இமாம்கள் தம் பேரக் குழந்தைகளுக்கு மக்கள் முன் மருந்து கொடுத்தனர். அந்தத் தெருக்களிலேயே வாழ்ந்த பெண்கள், தெரிந்த வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே அமர்ந்து பேசினர். ஒரே வீட்டுக்கு நான்கு முறை, ஐந்து முறை சென்றார்கள். ‘எக்ஸ்’ ஒவ்வொன்றாக ‘பி’ ஆயிற்று. அப்பெண்களின் பெயர் எந்த நிழற்குடையிலும் இல்லை.

நைஜீரியாவிலும் இதே கதை நடந்தது. 2003-இல் கானோ மாநிலம் மருந்தையே நிறுத்திவிட்டது. இந்தோனேசியாவில், அதாவது முஸ்லிம்கள் பெரும்பான்மையான நாட்டில், செய்த மருந்தைத் தருவித்த பிறகே 2004-இல் மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட நோய் வேறு பல நாடுகளுக்கும் பரவிவிட்டது.

இந்தியாவில் 2009-இல் 741 ஆக இருந்த எண்ணிக்கை, 2010-இல் 42 ஆகக் குறைந்தது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்து ஹௌரா மாவட்டத்தில், ஏழை முஸ்லிம் குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்று நோயுற்றது. அதன் பின் ஒருவரும் இல்லை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி இந்நோயற்றதெனச் சான்றளிக்கப்பட்டது.

எங்கள் ஊரில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மதரஸாத் திண்ணையைச் சொட்டு மருந்துக்குக் கொடுத்தோம். முதல் முறை கேட்டபோது நிர்வாகத்தில் ஒரு பெரியவர், “சக்கரம் போட்ட துணியை நம் வாசலில் கட்டுவதா?” என்று தயங்கினார். நாமும் ஒரு நாள் யோசித்தோம் என்பதை மறைக்கவில்லை. சூம்பிய காலோடு எங்களுடன் ஓதிய அந்த மாணவர், அப்போது அதே மதரஸாவில் உஸ்தாதாக இருந்தார். அவர் எவரிடமும் வாதாடவில்லை. தாமே ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து திண்ணையில் போட்டு, மைக்கோலை வாங்கிக்கொண்டு அமர்ந்துவிட்டார். அன்று மாலை வரை குழந்தைகளின் விரலில் மையிட்டவர் அவர்தான். அடுத்த முறை எவரும் தயங்கவில்லை.

ரோட்டரி இப்பணிக்கு இதுவரை தந்திருப்பது 200 கோடி டாலருக்கும் மேல். ஆயினும் 2024-இல் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் நோய் ஒழியவில்லை. 2011-இல் அபோட்டாபாத்தில் உளவு வேலைக்காகப் போலியான தடுப்பூசி முகாம் ஒன்றை அமெரிக்க உளவுத்துறை நடத்திவிட்டது. அது வெளிவந்தபின் மருந்துப் பெட்டியோடு வருபவரை நம்புவது அந்நாட்டாருக்கு இன்னும் கடினமாயிற்று. 2012 டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவரிலும் சொட்டு மருந்து கொண்டு சென்ற பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் விட்ட இடத்தில் வேறு பெண்கள் பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். துப்பாக்கி ஏந்திய காவலர் ஒருவர் பின்தொடர, வீடு வீடாகச் சென்று, கதவில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு வருகிறார்கள்.